ஒரே தொண்டையில் ஒரு குடும்பம்: ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் உங்கள் புகழ் மண்டபத்தின் அடுத்த பரிந்துரைப் பட்டியலில் கிங் டைமண்ட் என்ற பெயரைச் சேர்க்கும்படி கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த, ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையைப் பாடுகிறவர் அவர். இயற்பெயர் கிம் பெண்டிக்ஸ் பீட்டர்சன். முதலில் மெர்சிஃபுல் ஃபேட் குழுவோடும், பிறகு தன் பெயரிலேயே அமைத்த குழுவோடும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாடிவருகிறார். முதல் இசைத்தட்டு வெளியாகி 25 ஆண்டுகள் ஆனவர்களைப் பரிந்துரைக்கலாம் என்பது உங்கள் விதி. மெர்சிஃபுல் ஃபேட்டின் முதல் சிறுதட்டு 1982இல் வந்தது. 2007இலேயே அவர்களுக்கு வாசல் திறந்துவிட்டது. ஆனால் இன்றுவரை பட்டியலில்கூட அந்தப் பெயர் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று யோசித்தால் எனக்கு ஒரு காரணம்தான் தோன்றுகிறது. அவருடைய புகைப்படத்தைப் பார்த்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். வெள்ளை பூசிய முகம், கறுப்புக் கோடுகள், தலையில் உயரமான தொப்பி, கையில் மனித எலும்புகளைச் சிலுவைபோலக் கட்டிய மைக் பிடி. தொடை எலும்பும் கால் எலும்பும், நிஜ எலும்புகள். இதைப் பார்த்தவுடன் ‘அதிர்ச்சி கொடுத்துப் பிழைக்கிறவர்’ என்று முடிவு கட்டிவிடுவது எளிது. நானும் முதலில் படத்தைத்தான் பார்த்தேன். அதனால் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அவரைக் கேட்டேன்.

கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவன் சிடி ஒன்றை எழுதிக் கொடுத்தான். 1987இல் வந்த ‘அபிகேல்’. இரவு விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டேன். மூன்று பேர் பாடுகிறார்கள் என்றே நினைத்தேன். ஒருவர் அடிக்குரலில் கதை சொல்கிறார். இன்னொருவர் நடுக்குரலில் மிரட்டுகிறார். உச்சஸ்தாயியில் ஒரு பெண்ணோ குழந்தையோ வீறிடுகிறது. காலையில் அவனிடம் ‘யாரெல்லாம் பாடுறாங்க?’ என்று கேட்டபோது ஒரே பெயரைத்தான் சொன்னான். நம்பவில்லை. அன்றைக்கு இரவு மறுபடி கேட்டேன்.

அந்த உச்சக் குரலுக்கு எங்கள் ஊர் இசை வட்டாரத்தில் ‘கள்ளத்தொண்டை’ என்று பெயர். இயல்பான குரல் எட்டாத இடத்தில் தொண்டையை ஏமாற்றி எட்டுவது என்று அர்த்தம். பாராட்டாகச் சொல்கிற வார்த்தை இல்லை. கிங் டைமண்டைக் கேட்ட பிறகு எனக்கு அந்த வார்த்தை போதவில்லை. அவர் சுருதியை எட்ட முடியாமல் அந்தக் குரலுக்குப் போவதில்லை. கதையில் வேறொருவர் வாய் திறக்கும்போது போகிறார். அது ஒரு பாத்திரத்தின் குரல். பாத்திரம் பேசி முடித்ததும் அடுத்த வரியில் அடிக்குரலுக்கு இறங்கிவிடுகிறார். இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்தால் பாட்டு வரிகளைப் படிக்காமலே யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

‘அபிகேல்’ முழுவதும் ஒரே கதை. 1845ஆம் ஆண்டு கோடைக்காலம். ஜோனதன், மிரியம் என்ற இளம் தம்பதி பரம்பரைச் சொத்தாக வந்த மாளிகைக்குக் குடிபோகிறார்கள். வழியில் ஏழு குதிரைவீரர்கள் மறித்து, போகாதீர்கள் என்கிறார்கள். ஜோனதன் கேட்கவில்லை. அந்த வீட்டின் பழைய பிரபு, துரோகம் செய்தாள் என்று 1777 ஜூலை 7 அன்று மனைவியை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டவன். வயிற்றிலிருந்த குழந்தை இறந்தே பிறந்தது. அதற்கு அவன் வைத்த பெயர்தான் அபிகேல். அந்தக் குழந்தையின் ஆவி இப்போது மிரியமுக்குள் மறுபடி பிறக்கப் பார்க்கிறது. தடுக்க வேண்டுமானால் ஜோனதன் தன் மனைவியை அதே படிக்கட்டிலிருந்து தள்ள வேண்டும்.

ஒருமுறை விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது இதை ஸ்பீக்கரில் வைத்தேன். அம்மா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தச் சத்தமும் பிடிக்காது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘யாருடா அது, இப்படிக் கத்துறது?’ என்றார். பேய் என்றேன். யாருடைய பேய் என்றார். உட்கார்ந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். படிக்கட்டு வரைக்கும் வந்தபோது அம்மாவின் கை நின்றுவிட்டது. ‘அப்புறம், அந்தப் பொண்ணு என்ன ஆனா?’

அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கோபன்ஹேகனில் உட்கார்ந்து ஒருவர் எழுதிய கதை, அவர் பாடிய மொழியும் தெரியாத, அந்த இசையும் பிடிக்காத ஒருவரைக் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுக் கேட்க வைத்தது. வெறும் அதிர்ச்சிக்கு அந்தச் சக்தி கிடையாது.

சரி, வேடத்துக்கு வருகிறேன். 1975இல் கோபன்ஹேகனில் அமெரிக்க ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரை மேடையில் பார்த்ததுதான் தன்னைத் திருப்பியது என்று கிங் டைமண்ட் பலமுறை சொல்லியிருக்கிறார். முகத்தில் கொஞ்சம் அரிதாரம் பூசினால் ஒரு மனிதர் இந்த உலகத்தைச் சேராதவராக ஆகிவிட முடியும் என்பதை அன்று கண்டார். அதே ஆலிஸ் கூப்பர் குழுவை நீங்கள் 2011இல் சேர்த்துக்கொண்டீர்கள். அமெரிக்க ராக் குழுவான கிஸ்ஸை 2014இல் சேர்த்தீர்கள். அரிதாரம் பூசியவர்களுக்கு உங்கள் மண்டபத்தில் இடம் உண்டு என்பது அப்போதே முடிவாகிவிட்டது. எண்பதுகளின் கடைசியில் கிஸ்ஸின் ஜீன் சிம்மன்ஸ், தன் முகக்கோலத்தைப் போல இருக்கிறது என்று ஆட்சேபித்து வழக்குக்குப் போனதும், கிங் டைமண்ட் தன் முகக்கோலத்தை மாற்றிக்கொண்டதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். என் கண்ணுக்கு அது நல்லதாகவே முடிந்தது. பிறகு வந்த முகம் யாருடையதும் இல்லை, அவருடையது மட்டும்தான்.

ஆலிஸ் கூப்பர் மேடையில் தன் தலையைத் தானே வெட்டக் கொடுத்தார். கிஸ் தீயைத் துப்பியது, ரத்தம் கக்கியது. அவை கண்ணுக்கு விருந்து. பாட்டு ஒருபக்கம், வித்தை ஒருபக்கம். கிங் டைமண்டிடம் வித்தையும் பாட்டும் ஒரே கதைக்கு வேலை செய்கின்றன. 1988இல் வந்த ‘தெம்’ (‘அவர்கள்’) தட்டில் மனநல விடுதியிலிருந்து வீடு திரும்பும் ஒரு பாட்டி வருகிறார். தேநீர் கோப்பையோடு யாரிடமோ பேசுகிறார், அங்கே யாரும் இல்லை. அந்தப் பாட்டி, பேரன், வீட்டில் குடியிருக்கும் ‘அவர்கள்’ எல்லாரும் கிங் டைமண்ட் தொண்டையிலிருந்துதான் வருகிறார்கள். மேடையிலோ பாட்டி சக்கர நாற்காலியில் உண்மையாகவே தள்ளிக்கொண்டு வரப்படுகிறார். இரண்டு தளமாகக் கட்டிய அரங்கு, நடுவில் படிக்கட்டு, கீழே ஒரு சின்ன சவப்பெட்டி. ‘அபிகேல்’ கதையில் அந்தப் படிக்கட்டு எதற்கு என்று கேட்கிறவருக்கு முன்பே தெரியும். கிங் டைமண்ட் ஒவ்வொரு படியாக ஏறும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த இசை சின்ன வட்டத்துக்குள் நின்றுவிட்டது என்று நினைத்தால், அமெரிக்காவின் பில்போர்டு ஆல்ப விற்பனைப் பட்டியலில் ‘அபிகேல்’ 123ஆம் இடத்தையும் ‘தெம்’ 89ஆம் இடத்தையும் தொட்டன. வானொலிக்கு ஏற்ற பாட்டு என்று ஒன்றுகூட இல்லாமல் தொட்டன. 2008இல் கிராமி பரிந்துரையும் வந்தது.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். சாத்தான். மெர்சிஃபுல் ஃபேட்டின் ஆரம்பகாலப் பாடல்களில் அந்தப் பெயர் வெளிப்படையாக இருக்கிறது, நான் மறைக்கப் போவதில்லை. 1985இல் அமெரிக்காவில் அரசியல் செல்வாக்குள்ள பெண்மணிகள் சிலர் பிஎம்ஆர்சி என்ற அமைப்பைத் தொடங்கி, பிள்ளைகளைக் கெடுக்கும் பாடல்கள் என்று பதினைந்தைப் பட்டியலிட்டார்கள். செப்டம்பரில் செனட் விசாரணைவரை அது போனது. மாந்திரீகம் என்ற குற்றச்சாட்டோடு அதில் மெர்சிஃபுல் ஃபேட்டின் ‘இன்டு தி கோவன்’ இருந்தது.

அந்தப் பதினைந்தை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். பிரின்ஸை 2004இல் சேர்த்தீர்கள். ஏசி/டிசி 2003இல், பிளாக் சப்பாத் 2006இல், மடோனா 2008இல், டெஃப் லெப்பர்ட் 2019இல் வந்தார்கள். ஜூடாஸ் பிரீஸ்டுக்கு 2022இல் கௌரவம் கொடுத்தீர்கள். சிண்டி லாப்பர் 2025இல் வந்தார். பதினைந்தில் ஏழு பேர் உங்கள் மண்டபத்தில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலை நீங்கள் ஒரு தடையாக நினைக்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. அப்படியிருக்க, கோபன்ஹேகன்காரர்களுக்கு மட்டும் அது ஏன் இன்னும் தடையாக நிற்க வேண்டும்?

அந்தப் பாடலின் கதை அதோடு முடியவில்லை. 1998இல் அமெரிக்காவின் பெரிய மெட்டல் குழுவான மெட்டாலிகா தங்களை உருவாக்கியவர்களின் பாடல்களைப் பாடி ‘கராஜ் இன்க்’ என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அதில் மெர்சிஃபுல் ஃபேட்டின் ஐந்து பாடல்களைக் கோத்துப் பதினொரு நிமிடத்துக்கு ஒரே மூச்சில் வாசித்திருக்கிறார்கள். ‘இன்டு தி கோவன்’ அதில் ஒன்று. டிரம்மர் லார்ஸ் அல்ரிக் டென்மார்க்காரர் என்பதால் ஊர்ப்பாசம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும், ஆனால் ஊர்ப்பாசத்துக்காக யாரும் பதினொரு நிமிடம் வாசிப்பதில்லை. அந்த கிதார் வரிகளைக் கேட்டுவிட்டு மெட்டாலிகாவின் ஆரம்பத் தட்டுகளைக் கேளுங்கள். ஒரே பாட்டுக்குள் தாளமும் மெட்டும் அடிக்கடி திரும்புகிற அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று காது சொல்லிவிடும். ஹேங்க் ஷெர்மன், மைக்கேல் டென்னர் என்ற இரண்டு கிதார்க் கலைஞர்களுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. மெட்டாலிகாவை நீங்கள் 2009இல் சேர்த்துக்கொண்டீர்கள். அவர்கள் யாரைப் பார்த்துக் கற்றார்கள் என்பதை அவர்களே உரக்கச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் முகங்கள். தொண்ணூறுகளில் நார்வேயிலிருந்து கிளம்பிய பிளாக் மெட்டல் குழுக்கள் வெள்ளையும் கறுப்புமாகப் பூசிக்கொண்ட பிண அரிதாரத்துக்கு முன்னோடிகள் யார் என்று கேட்டால் முதலில் வருகிற பெயர்களில் இவருடையது ஒன்று. இன்றைக்குப் பெரிய அரங்குகளை நிரப்புகிற சுவீடனின் கோஸ்ட் குழுவைப் பார்த்தாலும், முகம் மறைத்த பாடகர் ஒரு பாத்திரமாகவே மேடையில் வாழ்கிறார். அவர்களுக்கு 2016இல் கிராமி கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பாதையை வெட்டியவர் இன்னும் வெளியே நிற்கிறார்.

வெளியே நிற்கிறார் என்று சொல்லும்போது எனக்கு வேறொரு கவலையும் சேர்ந்தே வருகிறது. 2010இன் கடைசியில் அவருடைய இதயத்தில் மூன்று அடைப்புகளுக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து செய்கிற சிகிச்சை. இப்படிப் பாடுகிறவருக்கு மூச்சுதான் எல்லாம். இனி அவர் பாட மாட்டார் என்றே நினைத்தேன். ஓராண்டு கழித்து, 2011 டிசம்பரில், மெட்டாலிகா தங்கள் முப்பதாவது ஆண்டு விழாவை சான் பிரான்சிஸ்கோவில் கொண்டாடியபோது மெர்சிஃபுல் ஃபேட்டின் பழைய நண்பர்களோடு மேடை ஏறி அந்த நீண்ட கோவையைப் பாடினார். 2015இல் ‘அபிகேல்’ முழுவதையும் அமெரிக்க மேடைகளில் முதலிலிருந்து கடைசிவரை பாடிக்காட்டினார். பிலடெல்பியாவில் நடந்த அந்த நிகழ்ச்சியும், அடுத்த ஆண்டு பெல்ஜியத்தில் நடந்ததும் காணொளியாக வெளிவந்திருக்கின்றன. அந்த மேல்குரல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆனால் எல்லாரும் இல்லை. 2019இல் மெர்சிஃபுல் ஃபேட் மறுபடி சேர்வதாக அறிவித்தது. பாஸ் கிதார்க் கலைஞர் டிமி ஹான்சனும் உடன் வருவதாகத்தான் முதலில் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் வாசித்த ‘மெலிசா’, ‘டோன்ட் பிரேக் தி ஓத்’, ‘அபிகேல்’ என்ற தட்டுகளை ‘அந்தக் கீழ்ச் சுரம் யார் வாசித்தது?’ என்று கேட்டபடி மறுபடி மறுபடி ஓட்டியவன் நான். டிமி ஹான்சன் பெயரை உங்கள் விழாவில் அழைத்தால், கை நீட்டி வாங்கிக்கொள்ள இனி அவர் வர மாட்டார். கிங் டைமண்ட் பிறந்தது 1956 ஜூனில். வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இரண்டு. அடுத்த பட்டியலைப் பேச உட்காரும்போது மெர்சிஃபுல் ஃபேட், கிங் டைமண்ட் இரண்டு பெயர்களையும் மேசையில் வையுங்கள். வாக்கெடுப்புக்குப் போகிற அளவு புகழ் போதாது என்று நினைத்தால், இசைத் தாக்கத்துக்கென்றே நீங்கள் தனியாக ஒரு விருது வைத்திருக்கிறீர்கள். 2021இல் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்குக்கு அந்த வழியில்தான் கதவு திறந்தது. அதே கதவை இவர்களுக்கும் திறக்கலாம்.

இன்னொன்று, புகைப்படத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள். அந்தப் பிலடெல்பியா பதிவை, பேச்சு எதுவும் இல்லாமல், விளக்கை அணைத்துவிட்டு முழுவதுமாகப் பாருங்கள். படிக்கட்டுக் காட்சிவரை பொறுத்திருங்கள். அதற்குப் பிறகு வாக்களியுங்கள்.

நன்றியுடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு ரசிகன்