மாசசூசெட்ஸ் சேலம்: கருவாட்டில் எழும்பிய ஊர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கடற்கரை ஊர்கள் குறித்து ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தை 'சூனியக்காரிகளை எரித்த ஊர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அங்கே யாரையும் எரிக்கவில்லை. சூனியத்துக்கு ஆங்கிலச் சட்டம் விதித்த தண்டனை தூக்கு. 1692-இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் ஆண்கள். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரியைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். இவ்வளவும் நடந்தபோது அந்த ஊருக்கு வயது அறுபத்தாறு. அதை உண்டாக்கியது காட் என்ற கடல்மீன்.

1623-இல் டார்செஸ்டர் கம்பெனி என்ற ஆங்கில வணிகக் கூட்டம் ஒரு கணக்குப் போட்டது. மீன்பிடிக் கப்பலை ஓட்டச் சில பேர் போதும். மீன் பிடிக்கவும் உப்பிடவும் இரண்டு மடங்கு ஆள் வேண்டும். மிஞ்சும் ஆட்களை மாசசூசெட்ஸ் கடற்கரையின் கேப் ஆன் முனையில் இறக்கிவிட்டால் அங்கேயே தங்கி உழுது, அடுத்த பருவத்துக்குச் சோறும் அவர்களே போட்டுவிடுவார்கள் என்பது திட்டம். திட்டம் மூன்றே ஆண்டில் படுத்துவிட்டது. மீன் கிடைக்கும் பாறைக் கரையில் பயிர் விளையவில்லை. வலை பிடித்த கைக்கு ஏர் பிடிபடவில்லை. கப்பல்களும் பருவம் தவறியே வந்து சேர்ந்தன. 1626-இல் ரோஜர் கோனன்ட் எஞ்சிய சிலரைக் கூட்டிக்கொண்டு தென்மேற்கே, கழிமுகம் சூழ்ந்த நாம்கீக் என்ற இடத்துக்கு நகர்ந்தார். 1628-இல் ஆளுநராக ஜான் எண்டிகாட் வந்தபோது, கேப் ஆனில் கம்பெனி கட்டியிருந்த பெரிய வீட்டையே பிரித்துக் கொண்டுவந்து அவருக்காக மறுபடி பொருத்தினார்கள். 1629-இல் நாம்கீக்குக்குச் சேலம் என்று பெயர் வைத்தார்கள். அமைதி என்ற பொருள் தரும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது அது. நம் சேலத்தோடு ஒத்துப்போவது ஒலி மட்டுமே.

நாம்கீக் வெற்றிடம் அல்ல. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அங்கிருந்த பூர்வகுடிகளில் பெரும்பாலோர் மடிந்திருந்தார்கள். அவர்கள் திருத்தி வைத்திருந்த வயல்களில்தான் குடியேறிகள் விதைத்தார்கள். நிலத்துக்கு முறையான பத்திரம் எழுதியது 1686-இல். பூர்வகுடிகளின் வாரிசுகளுக்குக் கொடுத்த தொகை 20 பவுண்டு. அறுபது ஆண்டு கழித்து எழுதிய கிரயப் பத்திரத்தை என்னவென்று சொல்வது!

இனி கருவாடு. தலையைக் கொய்து, குடல் எடுத்து, முதுகெலும்பை நீக்கி மீனைத் தட்டையாகப் பிளப்பார்கள். உப்பில் ஊறியதும் கழுவி, இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டு மேலே தழை பரப்பிய பரணில் காயவைப்பார்கள். கீழேயும் காற்று ஓட வேண்டும் என்பதற்குத்தான் பரண். பகலில் சதைப்பக்கம் மேலே. மாலையிலும் மழையிலும் தோல்பக்கம் மேலே. இடையிடையே குவித்து அடுக்கிப் பாரமேற்றினால் உள்ளீரம் வெளியே வரும். காற்றில்லாத கடும் வெயிலில் சதை வெந்து பிய்ந்துபோகும். மூடுபனி நீடித்தால் வழவழத்துப் பூசணம் பிடிக்கும். உப்பு கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. முதல் தரம் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனது. அங்கிருந்து உப்பும் ஒயினும் வந்தன. உடைந்ததும் வெந்ததும் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு உணவாகப் போனது; அங்கிருந்து வெல்லப்பாகு வந்தது, அது ரம் ஆனது. கழிவு மீனுக்கும் நிலையான சந்தை இருந்ததால்தான் வணிகர் கையில் முதல் சேர்ந்தது. இந்த ஊரின் செல்வத்தில் அடிமை முறைக்கும் பங்குண்டு என்பதைக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

துறைமுகம் செழித்தபோது உள்நாட்டு உழவர்கள் தனித் திருச்சபையும் தனி வரியும் கேட்டார்கள். சூனியக் குற்றச்சாட்டுகள் கிளம்பியது அந்த உழவர் பகுதியான சேலம் கிராமத்தில். இன்று அதன் பெயர் டான்வர்ஸ், 1752-இல் பிரிந்தது. வழக்கு நடந்தது மட்டும் துறைமுகச் சேலத்தில். பழி முழுவதும் பெயரோடு அங்கேயே தங்கிவிட்டது.

அமெரிக்க விடுதலைக்குப் பின் பிரிட்டிஷ் கரீபியத் துறைமுகங்கள் அமெரிக்கக் கப்பல்களுக்கு அடைபட்டதால் வணிகர்கள் கிழக்கே திரும்பினார்கள். சேலம் வணிகர் எலியாஸ் ஹாஸ்கெட் டெர்பியின் 'கிராண்ட் டர்க்' கப்பல் சீனத்துக் கான்டன் துறைமுகத்துக்குப் போய் 1787-இல் திரும்பியது. கேப்டன் ஜோனதன் கார்ன்ஸ் 1797-இல் சுமத்ராவிலிருந்து ஒரு கப்பல் மிளகைக் கொட்டினார். லாபம் ஏழு மடங்கு என்பார்கள். கட்டிய சுங்கவரியை மறு ஏற்றுமதியின்போது திரும்பப் பெறலாம் என்ற விதி இருந்ததால், உள்ளூரில் விற்காத மிளகு ஐரோப்பாவுக்குப் போனது. சென்னைக்கும் கப்பல்கள் வந்தன. 1790 டிசம்பரில், ஒரு கேப்டனோடு வந்த சென்னைக்காரர் ஒருவரைச் சேலத்தில் பார்த்ததாகப் பாதிரியார் வில்லியம் பென்ட்லி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரையில் இது விடுபட்டது எனக்கு வியப்புதான். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 7,921. நாட்டின் பெரிய ஊர்களில் ஒன்று.

1807-இல் அதிபர் ஜெஃபர்சனின் அரசு வெளிநாட்டு வணிகத்துக்குப் போட்ட தடை முதல் அடி. 1812-இல் பிரிட்டனோடு தொடங்கிய போர் அடுத்தது. போர் முடிந்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. கப்பல்கள் பெருத்தன, துறைமுகம் ஆழமாகவில்லை. பெரிய கப்பல்கள் ஆழமான பாஸ்டனுக்குப் போயின. நியூயார்க்கை உள்நாட்டு ஏரிகளோடு இணைத்த ஈரி கால்வாய் திறந்த 1825-க்குப் பின் நியூயார்க் எல்லோரையும் முந்தியது. சுங்க மாளிகை கட்டியது 1819-இல், அதாவது கூட்டம் கலையத் தொடங்கிய பிறகு.

கட்டுரையாளர் மறுபடி அங்கே போனால், சூனியக் கடைகளை விட்டுவிட்டு, ஏறக்குறைய அரை மைல் நீளும் டெர்பி துறைமேடையில் கடல் வற்றும் நேரத்தில் நடக்கட்டும். அங்கே ஓதத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் சுமார் ஒன்பது அடி மாறும். மேடை ஏன் அவ்வளவு தூரம் கடலுக்குள் போனது, அப்படியும் ஏன் போதவில்லை என்பதை இருபுறமும் தெரியும் சேறே காட்டிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்