படிப்பகக் கணினி அறை: திருப்பணி நிறைவு அறிக்கை

உள்ளூரிலும் கடல் கடந்தும் இருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

படிப்பகத்தின் பின்பக்கம் கிழிந்த வலைகளும் உடைந்த நாற்காலிகளும் அடைந்து கிடந்த அறையைக் கணினி அறையாக மாற்றித் தருவதாகப் பொதுக்குழுவில் ஏற்றுக்கொண்டோம். வேலை நல்லபடியாக முடிந்து, கார்த்திகை முதல் ஞாயிறன்று பால் காய்ச்சி அறையைத் திறந்தோம். வரவு செலவை ரசீதுகளோடு வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். வெளியூர் உறுப்பினர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் போயிருக்கும். அதனால் இங்கே வேலை நடந்த விதத்தை மட்டும் சொல்கிறோம்.

முதலில் இடம். தெருவில் உள்ள ஒரு பெரிய வீட்டின் முன்னறையை வாடகையில்லாமல் தர ஒருவர் முன்வந்தார். நல்ல மனசுதான். ஆனால் ஊரில் எல்லாரும் தயங்காமல் ஏறி வரக்கூடிய திண்ணையா அது என்று யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இதில் எங்களுக்கு வழிகாட்டியது புதுச்சேரி. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, தலித் மக்கள் உட்பட எல்லாரும் வந்து போகக்கூடிய பொது இடத்தை ஊரே ஒதுக்கித் தரவேண்டும் என்று கேட்டார்கள். எம்பலத்தில் கோயிலிலேயே ஓர் அறை கிடைத்தது. உள்ளூர்ப் பெண்களே அதை நடத்தினார்கள். நம் படிப்பகமும் பொது இடம். அந்த ஒரு காரணம் எங்களுக்குப் போதும்.

அடுத்து கணினிகள். புதிதாக ஒன்றுகூட வாங்கவில்லை. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் பெற்றவை வீட்டுக்கு வீடு பரணில் கிடந்தன. கேட்டதும் பதினான்கு வந்தன. அதில் ஒன்பது இன்று ஓடுகின்றன. நம் ஊரில் கணினிக்கு முதல் எதிரி உப்புக்காற்று. ரேம் என்ற நினைவகத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் பொன்னிறப் பட்டைகள் கறுத்துப் போயிருந்தன. பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூரிகையால் துடைத்து மாட்டியதும் நான்கு கணினிகள் உடனே உயிர் பெற்றன. இன்னும் இரண்டில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. அது செத்துப்போனதால் ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று உலாவி தடுத்திருக்கிறது. பேட்டரியை மாற்றினோம், சரியாகிவிட்டது. இத்தனை சின்னக் கோளாறுக்காக ஒரு பிள்ளையின் கணினி பரணில் கிடந்திருக்கிறதே என்று மனசு வருந்தியது. எல்லாவற்றிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் லேசான வகையைப் போட்டு, விசைகளில் தமிழ் எழுத்து ஒட்டியிருக்கிறோம்.

மின்சார வேலையில் ஒரு மாதம் தாமதமானது. முதலில் வந்தவர் எர்த்துக்கு ஒரு கம்பியை மணலில் அடித்துவிட்டுப் போய்விட்டார். கணினி மூடியில் கை வைத்தால் சுள்ளென்றது. பிள்ளைகள் உட்காரும் இடம், விளையாட்டில்லை. வேலையை நிறுத்தி, வேறு ஆளை வைத்து ஆழமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு பைப் இறக்கினோம். கோடையில் அந்தக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். தயவுசெய்து யாரும் மறக்க வேண்டாம்.

இணையம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் அது இல்லாதபோதும் அறை நடக்கிற மாதிரி செய்திருக்கிறோம். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றில் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, தமிழ் விக்கிப்பீடியாவை மெமரி கார்டிலேயே வைத்திருக்கிறோம். இணைப்பே இல்லாமல் ஒன்பது கணினியிலும் படிக்கலாம். அந்தச் சின்னக் கணினி பேட்டரியிலேயே நெடுநேரம் ஓடும்.

இனி ஒலிபெருக்கி. இதற்கு ஏன் செலவு என்று சிலர் கேட்டீர்கள். முன்பு சொன்ன புதுச்சேரி மையங்களில் ஒன்றான வீராம்பட்டினத்தில் அலை உயரத் தகவலை இணையத்தில் எடுத்து, மையத்தின் ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த, புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். அங்கே தகவல் மையத்தின் ஒலிபெருக்கி இருந்ததால் ஊர் முழுக்க எச்சரித்து மக்களை வெளியேற்ற முடிந்தது. வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. அன்று நம் கரையில் அப்படி ஒரு குரல் இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எங்களால் முடியவில்லை.

இப்போது தினமும் மாலை ஆறு மணிக்கு, ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தரும் அலை, காற்று விவரத்தைக் கல்லூரி படிக்கும் இரண்டு பெண்கள் வாசிக்கிறார்கள். முதல் நாள் “வடகிழக்குக் காற்று” என்று வாசித்ததும், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, “அது வாடையா கொண்டலா, அதச் சொல்லும்மா” என்றார். மறுநாளிலிருந்து ஒரு அட்டையில் திசைக்கு நேரே, வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று காற்றுக்கு நம் ஊரில் வழங்கும் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, “வாடைக்கொண்டல்” என்றே வாசிக்கிறார்கள். இந்தத் திருப்பணியில் எங்களுக்கு மிகவும் பிடித்தது அந்த அட்டைதான்.

சந்தை முடிந்து திரும்பும் பெண்களுக்காக மாலை மூன்றிலிருந்து ஐந்து மணி வரை ஒதுக்கியிருக்கிறோம். ஓய்வூதிய மனு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கத்தான் பெரும்பாலும் வருகிறார்கள். கூட உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் கட்டாயம் வேண்டும். இப்போதைக்கு அந்தக் கல்லூரிப் பெண்கள் இருவரும் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். அது சரியில்லை. அவர்களுக்கு மாதத் தொகை ஒன்றை முடிவு செய்ய வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப் போகிறோம்.

படிப்பகத்தின் பழைய தீர்மானங்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. இப்போது திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன. அவற்றை எல்லாக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோடு முறைக்கு மாற்றும் வேலை பாதியில் இருக்கிறது. ஒலிபெருக்கிக் குழாய்க்கு உப்புக்காற்று படாமல் ஒரு மூடியும் செய்ய வேண்டும்.

அறைக்கு இரண்டு சாவி. ஒன்று செயலாளரிடம் இருக்கிறது. இன்னொன்று கரையோரம் டீக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் எந்த நேரமானாலும் போய்க் கேளுங்கள், தருவார்.