என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைச் சீரமைத்த லட்சணம் பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் ஜாப் கார்டில் இருக்கும் அதே பெயர், அதே காரைக்குடி முகவரி

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பழைய கார் சீரமைப்புப் பிரிவு, கோயம்புத்தூர்

நாள்: 20.01.2025

பொருள்: 1964 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார், இரண்டு கதவு. பணத்தைத் திருப்பித் தருவது, கழற்றிய சாமான்களைத் திருப்பித் தருவது குறித்து.

ஐயா,

வணக்கம். இதற்கு முன் நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்குக்கும் "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில் வந்தது. நான் எங்கே கருத்து சொன்னேன்? வண்டி எங்கே என்றுதான் கேட்டேன். அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

2024 பிப்ரவரியில் வண்டியை உங்களிடம் விட்டேன். நான்கு மாதம் என்றீர்கள். டிசம்பர் 28-ஆம் தேதி லாரியில் வந்து இறங்கியது. உங்கள் இரண்டாம் நம்பர் பேக்கேஜ் என்று, அடிச்சட்டமான சேஸிஸில் துரு நீக்குவது, டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்துத்தான் பேச்சு. ஜிஎஸ்டி சேர்த்து 6,84,400 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். எல்லா ரசீதும் கையில் இருக்கிறது.

முதலில் உங்கள் கஸ்டமர் கேர் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது மனதில் இருக்கும்வரை மற்றது எழுத வராது. நவம்பர் 19, காலை பதினொன்றரை மணி. "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்றார். பாட்டு வரும் என்று காத்திருந்தேன். பாட்டு வரவில்லை, அவர் பக்கத்து ஆளிடம் பேசியது வந்தது. "அந்தத் துருப்பிடிச்ச பெருசு மறுபடியும் லைன்ல இருக்குடா, என்ன சொல்ல?" என்றார். வண்டியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எனக்கு 66 வயது. முப்பத்தொரு வருடம் கூட்டுறவு வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். கிழிந்த நோட்டோடு வந்தவரைக்கூட வாங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறேனே தவிர இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வண்டி என் அப்பா வாங்கியது. அவர் டாக்டர். ராத்திரி இரண்டு மணிக்குக் கேஸ் என்று ஆள் வந்தால் இந்த ஹெரால்டில்தான் போவார். செட்டிநாட்டுச் சந்துகளில் இதைத் திருப்புகிற சுகம் வேறு எந்த வண்டிக்கும் வராது. முன்சக்கரம் அவ்வளவு திரும்பும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கொடுத்தேன். ஆனால் வண்டியை ஏற்றிப்போக வந்த உங்கள் ஆள் என்ஜின் மூடியான பானட்டைத் திறக்க டேஷ்போர்டுக்கு அடியில் லீவரைத் தேடினார். ஹெரால்டின் பானட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும், கொக்கி இரண்டு பக்கமும் வெளியே இருக்கிறது என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பாடியைக் கழற்றி, சேஸிஸைத் தனியாக எடுத்து துரு நீக்கியதாக பில்லில் 1,40,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். ஹெரால்டில் பாடி தனி, சேஸிஸ் தனி, நட்டு போல்ட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே கழற்றினார்களா இல்லையா என்பதை போல்ட்டே சொல்லிவிடும். டிக்கி மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். போல்ட் தலையில் அறுபது வருஷத்துத் துரு அப்படியே இருக்கிறது, ஒரு ஸ்பேனர் தடம்கூட இல்லை. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் ஹெரால்டில் முதலில் அரிக்கும் இடம். அதை வெட்டிப் புதிதாக வைக்காமல் மேலே தகரம் ஒட்டி கறுப்பு பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள். உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கதவு அடிப்பாகம் அதைவிட மோசம். என் பேத்தி ஃபிரிட்ஜில் ஒட்டும் பழனி முருகன் காந்தத்தை எடுத்துவந்து விளையாட்டாகக் கதவில் வைத்தாள். முருகன் வழுக்கிக் கீழே விழுந்தார். மேலே வைத்தால் நிற்கிறார், ஒரு சாண் கீழே வந்தால் விழுகிறார். வலது கதவு, இடது கதவு, பின் மட்கார்டு எல்லாம் அப்படித்தான். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் விரல் தடிமனுக்குப் பட்டி, அதாவது பள்ளம் அடைக்கிற பசை. டிங்கரிங் என்று எழுதி 1,10,000 வாங்கிவிட்டு பட்டியை அப்பி அனுப்புவதற்கு எங்கள் ஊர் கல்லுக்கட்டியிலேயே ஆள் இருக்கிறார்களே.

அக்டோபர் 11-ஐச் சொல்ல மறந்துவிட்டேன். "வெள்ளிக்கிழமை வாங்க சார், டெலிவரி எடுத்துக்கலாம்" என்று உங்கள் ஆபீஸிலிருந்துதான் போன் வந்தது. ராத்திரி பஸ் ஏறி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று முதுகு ஒடிய வந்து சேர்ந்தால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. அன்று ஆயுத பூஜை! நாட்டில் எல்லா ஒர்க் ஷாப்பும் லீவு விடும் ஒரே நாளைப் பார்த்து என்னை வரச் சொல்லியிருக்கிறீர்கள். என் வண்டி கதவு இல்லாமல், கண்ணாடி இல்லாமல் ஒரு மூலையில் நின்றது. பானட்டில் சந்தனம், குங்குமம், மாலை. வாட்ச்மேன் எனக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்தார். எட்டு மாதத்தில் உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். வீட்டுக்கு வந்து மூன்று நாள் படுத்துவிட்டேன். அந்தப் பயணத்துக்கே ஒரு லட்சம் நஷ்டஈடு கேட்கலாம் என்று என் மச்சினர் சொல்கிறார், நான் அதையும் குறித்துவைத்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே, நீங்களாகச் செய்த அலங்காரம். துரு எடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் மிச்சமிருந்த பழைய பெயிண்டைப் பார்த்து அதே கிரீமும் சாம்பலும் அடிக்கச் சொன்னேன். ஜாப் கார்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. வந்து இறங்கியது கருஞ்சிவப்பு, ஓரத்தில் தங்கக் கோடு. அப்பா பிடித்துப் பிடித்து வழவழப்பான ஸ்டீயரிங்கைக் காணோம், மரக் கலரில் புதிதாக ஒன்று. ரெக்சின் சீட் போய் கல்யாண மண்டப சோபா மாதிரி கட்டம் போட்ட சீட். டிக்கியை ஓட்டை போட்டு வெளியே ஒரு ஸ்டெப்னி மூடி. அதற்குள் ஸ்டெப்னி கிடையாது, வெறும் மூடி! கேட்டால் "விண்டேஜ் லுக்குக்கு சார், எல்லாரும் இதான் கேக்கறாங்க" என்கிறார் அதே கஸ்டமர் கேர் தம்பி. ஐயா, அது 1964-ஆம் வருட வண்டி. மெட்ராஸில், பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் ஃபேக்டரியில் செய்தது. அதில் இருந்த நிஜப் பழசைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, பழசு மாதிரி தெரிகிற புதுசை மாட்டிப் பணமும் வாங்கியிருக்கிறீர்கள். என்ஜினை நீங்கள் தொடவில்லை. அதனால்தான் அந்த 948 சிசி என்ஜின் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை, அப்பாவின் அதே நம்பரோடு, விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேஸிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. வண்டி கொடுத்த அன்றே இதை உங்களிடம் சொன்னேன். இப்போது வெட்டிய டிக்கியையும் தகரம் ஒட்டிய சேஸிஸையும் வைத்துக்கொண்டு நான் எந்த அதிகாரி முன்னால் போய் நிற்பது? இந்த வண்டிக்கு இருபது லட்சம் தருகிறேன் என்று கேட்டவர் ஒருவர் உண்டு. (அவர் விளையாட்டாகச் சொன்னார் என்று என் மனைவி சொல்வாள், அது வேறு.) அந்த இருபது லட்சமும் உங்களால் போனது.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. உங்கள் டிங்கர் ஒருவர், வயதானவர், கைவேலை தெரிந்தவர். ஆயுத பூஜை அன்று அவர்தான், "கொஞ்சம் பொறுங்கய்யா, என் கைக்கு வந்தா சரியா பண்ணித் தரேன்" என்றார். வண்டி அவர் கைக்குப் போகவே இல்லை என்று நினைக்கிறேன். அவரை வைத்து, அசல் கலரில், சேஸிஸைக் கழற்றி மறுபடி செய்து தருவதானால் பணத்தைத் திருப்பிக் கேட்பதை விட்டுவிடுவது பற்றி நான் யோசிக்கத் தயார். எதுவானாலும், கழற்றிய ஸ்டீயரிங், சீட்டுகள், நான்கு சக்கர மூடிகள் எனக்கு வந்தாக வேண்டும். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் வருடச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கட்டணம் 200 ரூபாய். கோயம்புத்தூருக்கு பஸ் ஏற வேண்டிய முறை இனி எனக்கில்லை, நீங்கள்தான் சிவகங்கைக்கு வரவேண்டும். பட்டியைச் சுரண்டி எடுத்த போட்டோக்களும் காந்தம் விழுகிற வீடியோவும் தயாராக இருக்கின்றன. நவம்பர் 19 தேதியிட்டுக் குறித்துவைத்த அந்தத் துருப்பிடித்த பெருசு பேச்சும் மனுவில் வரும்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்

பி.கு.: ஸ்டெப்னி மூடியைக் கழற்றித் திண்ணையில் வைத்திருக்கிறேன். அதில் மழைத் தண்ணீர் தேங்கி கொசு வந்துவிட்டது. உங்கள் லாரி இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போகவும்.