அதே முழங்கால், இரண்டு தெரு

மேற்கு மாம்பலம்,
சென்னை.
ஞாயிறு காலை

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். நேற்று போனில் நீ மறுபடியும் மூட்டு ஆபரேஷன் பேச்சை எடுத்தாய். பேசினால் இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொள்வோம் என்று போனை வைத்துவிட்டேன். எழுதினால் பொறுமையாகச் சொல்ல முடியும்.

சிங்கப்பூரில் உன் வீட்டில் தங்கியிருந்த இரண்டு மாதத்தை நினைத்துப் பார். தோ பாயோவில் தினமும் காலையில் தனியாகக் கீழே இறங்கிப்போய்க் கீரையும் மீனும் வாங்கி வந்தேன். "அம்மாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது" என்று நீயே மாப்பிள்ளையிடம் சொன்னாய். ஊருக்கு வந்த மூன்றாவது வாரமே நான் பழையபடி கிழவி ஆகிவிட்டேன். முழங்கால் அதேதான் செல்வி. எக்ஸ்ரேயும் அதேதான். தெருதான் வேறு.

அங்கே உன் வாசலிலேயே லிஃப்ட் நிற்கும். அந்தப் பழைய கட்டடங்களில் முன்பெல்லாம் சில மாடிகளில் மட்டும்தான் லிஃப்ட் நிற்குமாம். 2001-க்குப் பிறகு ஒவ்வொரு கட்டடமாக மாற்றினார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். கீழே இறங்கினால் சந்தைவரை கூரை போட்ட நடைபாதை, ஏற இறங்கப் படி இல்லை. வழியில் நாலைந்து இடத்தில் பெஞ்சு. உண்மையைச் சொன்னால் பாதி நாள் நான் அதில் உட்காரவே இல்லை. வலித்தால் உட்கார இடம் இருக்கிறது என்ற தைரியத்திலேயே நடந்துவிட்டேன்.

அப்புறம் அந்த சிக்னல். உன் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கம்பத்தில் தன் முதியோர் சலுகை அட்டையைத் தட்டுவாள், பச்சை மனிதன் கூடுதல் நேரம் நிற்பான். 2009-லேயே கொண்டுவந்த ஏற்பாடாம், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை கூட்டித் தருமாம். அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. ஆனால் நான் பக்கத்தில் வந்து சேரும்வரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். சிக்னல்களை நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர்களைக் கணக்கில் வைத்துத்தான் பரவலாக அமைக்கிறார்கள். எங்கள் வயதில் பெரும்பாலோர் அந்த வேகத்தை எட்டுவதில்லை. நம் பக்கம் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் சிக்னலே கிடையாது. கையைக் காட்டிக்கொண்டே குறுக்கே இறங்க வேண்டும்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். போன மாதம் ஒரு நாள் மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன். விழவில்லை, பயப்படாதே. பிளாட்பாரம் என்று இருப்பது மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான். ஏறினால் நாலு வீடு தாண்டுவதற்குள் இறங்க வேண்டும், ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு சரிவு. அன்று வழியெல்லாம் பைக்குகள் வேறு, அதற்கப்பால் தோண்டிப்போட்ட பள்ளம். சாலையில் இறங்கினேன், பின்னால் தண்ணீர் லாரியின் ஹாரன். கால் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் மார்க்கெட் போகவில்லை. நீ அங்கிருந்தே ஆப்பில் காய்கறி போட்டுவிடுகிறாய், வாசலுக்கு வந்துவிடுகிறது. பாசத்தோடுதான் செய்கிறாய், தெரியும். ஆனால் முப்பத்தோரு வருஷம் வார்டில் நின்றவள் நான். படுத்துக் கிடந்த நோயாளிகளின் தொடை வாரக்கணக்கிலேயே இளைத்துப்போவதைத் துணி மாற்றும்போது கையால் உணர்ந்திருக்கிறேன். நடக்காத காலுக்கு எந்த ஆபரேஷனும் பலன் தராது.

அப்பா விஷயம் இன்னும் கஷ்டம். நீர் மாத்திரை போட்டால் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். தோ பாயோவில் அது ஒரு விஷயமாகவே இல்லை. சாப்பாட்டுக் கடைத்தொகுதியிலும் ரயில் நிலையத்திலும் சுத்தமான கழிப்பறை இருந்தது, மாத்திரையும் போட்டார், வெளியேயும் வந்தார். இங்கே வழியில் நம்பிப் போக ஓர் இடம் இல்லை. அதனால் வெளியே போகும் நாளில் மாத்திரையைத் தள்ளிப் போடுகிறார், இல்லையென்றால் வெளியே போவதையே விட்டுவிடுகிறார். போன தடவை கால் வீங்கியதற்குக் காரணம் தேடினாயே, அதில் இதுவும் ஒன்று. டாக்டரிடம் சொல்லி வேளை மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் வயதானவர்களுக்கு ஒரு படிவம் நிரப்புவோம். 1969-ல் லாட்டன், பிராடி என்ற இரண்டு அமெரிக்கர்கள் வகுத்தது, எட்டு விஷயம் கேட்கும். கடைக்குத் தானாகப் போவாரா, தானாகப் பயணம் செய்வாரா, மருந்தைத் தானாக எடுத்துக்கொள்வாரா என்று போகும். "முடியாது" என்று எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! எந்தக் கடை, எந்தத் தெரு வழியாக என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. தினம் அரை மணி நேரம் நடங்கம்மா என்று சொல்லி அனுப்பிய முகங்கள் இப்போது நினைவுக்கு வருகின்றன. எங்கே போய் நடந்திருப்பார்கள்? அதே லாட்டன்தான், உடம்பின் பலம் குறையக் குறையச் சுற்றுப்புறத்தின் பிடி கூடிக்கொண்டே போகும் என்றும் சொன்னவர். படித்தபோது பரீட்சைக்காகப் படித்தேன்.

அப்படியானால் இங்கேயே வந்துவிடு என்பாய். மாட்டேன். முனையில் இஸ்திரி வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போடுகிறார். எட்டு மணிவரை ஜன்னல் திறக்கவில்லை என்றால் பூக்காரம்மா வந்து கதவைத் தட்டுகிறாள். உன் ஊர் பெஞ்சுகள் என்னை உட்கார வைத்தன, பேர் சொல்லிக் கூப்பிட அங்கே ஆள் இல்லை. இது உன்னைக் குறை சொல்வதற்கில்லை.

நம் ஊரில் முடியாது என்றும் சொல்லாதே. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி இருக்கைகள் போட்டார்களே, அங்கே அப்பாவும் நானும் ஒரு மணி நேரம் நடப்போம். 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி. நகர் பஸ் நிலையத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். வண்டி பயமில்லாமல் அதிலும் நடந்தோம். ஆனால் இரண்டுக்கும் முதலில் வீட்டிலிருந்து ஆட்டோ வேண்டும். எனக்கு வேண்டியது என் வாசலிலிருந்து மார்க்கெட் வரை நானூறு மீட்டர்.

எங்கள் தெருவில் ஒன்பது பெரியவர்கள் சேர்ந்து வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கப்போகிறோம். நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சாலைகளுக்கு விதி வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிமுறை சொல்கிறதாம், மாப்பிள்ளைதான் தேடித் தந்தார். நானும் அப்பாவும் அளந்தோம். நம் வாசல் எதிரே உயரம் 280. கூடவே இரண்டு பெஞ்சும் ஒரு கழிப்பறையும் கேட்கிறோம்.

சரி, டிசம்பரில் வரும்போது ட்ரெட்மில் எதுவும் வாங்கி வராதே. ஒரு நாள் காலை என்னோடு மார்க்கெட் வரை என் வேகத்தில் நடந்து வா. நான் எங்கெங்கே நிற்கிறேனோ அங்கெல்லாம் படம் எடு, மனுவோடு சேர்க்க வேண்டும். மாப்பிள்ளையிடம் சொல்லி நீளமான டேப் ஒன்று கொண்டு வா. எங்களிடம் இருப்பது தையல் டேப், ஐந்து அடிக்கு மேல் போகாது.

அன்புடன்,
அம்மா