பென்சில் புள்ளடி

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

பிள்ளைகள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்ற உன் ஆராய்ச்சிக்கான வினாக்கொத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். ‘நேர முகாமைத்துவம்’ என்ற சொல்லைக் கேள்விக்குள் போடாதே. ‘இன்றைக்குச் செய்யவேண்டியதை எழுதி வைப்பீர்களா’ என்று கேள், போதும். அப்புறம், பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஒரு கிழமைக்கு நாட்குறிப்பும் எழுதச் சொல்லிப் பார்.

நேரத்துக்குச் சாப்பிடு. பேராதனைக் குளிரில் வெறும் தேத்தண்ணீரோடு இருக்காதே.

நீ வைத்திருந்த குறிப்பையும் வாசித்தேன். பிரிட்டன், டெஸ்ஸர் இருவரும் 1991 இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர் 90 பேரிடம் 35 கேள்விகள் கேட்டு, நாலு வருடம் கழித்து அவர்களுடைய புள்ளிகளோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நீண்டகாலத் திட்டங்களுக்கும் புள்ளிகளுக்கும் தொடர்பு தெரியவில்லை. அன்றன்றைக்கும் கிழமைக்குக் கிழமையும் போடுகிற சின்னத் திட்டமும், என் நேரம் என் கையில் இருக்கிறது என்ற எண்ணமும்தான் புள்ளிகளோடு சேர்ந்து வந்திருக்கின்றன. இருபத்தெட்டு வருடம் படிப்பித்த எனக்கு இது தெரியாமல் போய்விட்டது.

கோயிலில் மாமி விசாரித்தார். மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு சந்தோசம். ஆனால் மூன்று கிழமையாக ‘பிறகு எடுக்கிறேன் அம்மா’ என்று வைத்துவிடுகிறாய். அப்பா ஒன்றும் கேட்பதில்லை, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்.

உன் மேசைக் கட்டுக்குள் பென்சிலால் நிரப்பிய ஒரு தாள் இருந்தது. ‘உங்கள் நேரம் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு நேரே, ‘ஒருபோதும் இல்லை’ கட்டத்தில் புள்ளடி. அழுத்திப் போட்டதில் தாளின் பின்பக்கம் தடித்திருந்தது. யாராவது சிநேகிதியின் தாளாக இருக்கலாம். புள்ளடியில் கையெழுத்துத் தெரியாதுதானே. நான் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, படு.

அலுமாரிக் கதவில் ஏ.எல் பரீட்சைக்கு நீ படித்த கால அட்டவணை இன்னும் ஒட்டியபடி இருக்கிறது. காலை 4.00 மணிக்குத் தொடங்குகிறது. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது நான். பின்னேரம் 5.30 க்கு நீ ‘கடற்கரை’ என்று எழுதியிருந்தாய். அதைச் சிவப்புப் பேனையால் வெட்டிக் ‘கணக்கியல்’ என்று எழுதியதும் நான்தான். நீ ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்கேட்கிற பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். பிழை என்னுடையது, மகள். நேற்று அதை உரித்து எடுக்கப் பார்த்தேன், பசை விடவில்லை.

லீவுக்கு எப்போது வருகிறாய்? வந்தால் 5.30 க்கு டச்சுபே கடற்கரைக்குப் போவோம். இரவுச் சாப்பாட்டை அப்பா பார்த்துக்கொள்வார், சொல்லிவிட்டேன்.

அம்மா