அட்மின் பொறுப்பைக் கேட்பதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் சேர்ந்து நாலு நாள் ஆகாத தம்பி ஒருவர், ‘என்னையும் அட்மின் ஆக்குங்கோ’ என்று கேட்டார். நல்ல எண்ணம்தான், ஆனால் அதுவரை அங்கே அவர் ஒரு வரி எழுதினதில்லை. மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற செய்தி எங்களுக்கு இந்தக் குழுவில்தான் வருகிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும், உறுதிப்படுத்தாத ஒரு குரல்பதிவு இராத்திரியில் எத்தனை குடும்பத்தைப் பிள்ளைகுட்டியோடு வீதிக்கு இறக்கும் என்று. மற்றவர் போட்டதை எல்லாருக்கும் அழிக்க அட்மினால் மட்டும்தான் முடியும். அந்தக் கை யாருடையது என்பது சின்ன விஷயமா?

2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், கட்டுரை எழுதி, பிழை திருத்தி, புதியவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லி வந்தவர்களைத்தான் மற்றப் பயனர்கள் வாக்களித்து நிர்வாகி ஆக்குகிறார்கள். சம்பளம் கிடையாது. எங்கள் கமக்காரர் அமைப்பிலும் வாய்க்கால் துப்புரவாக்க மண்வெட்டியோடு வந்து நின்றவரைத்தானே தலைவராக்குகிறோம்.

தம்பிமாரே, தங்கைமாரே, வதந்தி வந்தால் கிராம அலுவலரிடம் கேட்டு உண்மையைப் போடுங்கள், சண்டை வந்தால் தனியே பேசித் தணியுங்கள், பிழை விட்டால் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேளுங்கள். அந்தத் தம்பியிடமும் மாரி முடியட்டும் என்று சொல்லியிருக்கிறோம். இப்போது தினமும் காலையில் குளத்து நீர்மட்டத்தை விசாரித்துப் போடுகிறார்.

கமக்காரர் ஒருவர்,
கிளிநொச்சி