ரைசோபியத்துக்கும் கந்தகம் வேண்டும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ரைசோபியம் (பயறுவகைச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழ்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) விதைநேர்த்தி செய்தும் பயிர் வெளிறியே நிற்கிறது, இன்னொரு பொட்டலம் கூடுதலாகப் போடலாமா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். வேண்டாம். முதலில் ஒரு செடியைப் பிடுங்காமல், மண்ணோடு தோண்டியெடுத்து தண்ணீரில் அலசிப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும்.

கிடைத்த முடிச்சுகளில் இரண்டு மூன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. அது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். பச்சையோ பழுப்போ என்றால் அந்த முடிச்சுக்கு வயதாகிவிட்டது. பூக்கும் பருவத்திலும் உள்ளே வெள்ளையாகவே இருந்தால் யோசிக்க வேண்டும். பயிருக்குப் பொருந்தாத ரைசோபிய ரகம், புளிப்பு மண், மாலிப்டினக் குறை, யூரியா அதிகமானது எனக் காரணம் பல இருக்கலாம். அவற்றில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்று கந்தகம்.

காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் நொதியின் நடுவில் ஓர் உலோகக் கொத்து இருக்கிறது: 7 இரும்பு, 1 மாலிப்டினம், அவற்றைப் பிணைக்கும் 9 கந்தக அணுக்கள். அதற்கு எலக்ட்ரான் கொண்டுவரும் மற்ற கொத்துகளும் இரும்பும் கந்தகமுமாகத்தான் இருக்கின்றன. இவற்றைக் கட்ட, சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து கந்தகத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றில் நிஃப் எஸ் என்ற மரபணு உண்டு. முடிச்சுக்குள் குடியேறிய பிறகு பாக்டீரியாவுக்கு வேண்டிய கந்தகம் செடி வழியாகத்தான் வந்தாக வேண்டும். லோட்டஸ் ஜப்பானிகஸ் என்ற பயறுவகைச் செடியில் முடிச்சுக்குள் சல்பேட்டைக் கடத்தும் ஒரு புரதத்தை 2005-ல் அடையாளம் கண்டார்கள். அது கெட்டுப்போன செடிகளில் முடிச்சு உண்டாகிறது, ஆனால் நைட்ரஜன் சரியாகக் கிடைப்பதில்லை.

எங்களை மிகவும் வியக்க வைப்பது இதற்கும் முந்தைய கட்டம், வேரும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று அடையாளம் காணும் இடம். வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளை உணர்ந்ததும் பாக்டீரியா பதிலுக்கு நாட் காரணி என்ற மூலக்கூறை அனுப்புகிறது. குதிரைமசாலில் வாழும் சினோரைசோபியம் மெலிலோட்டி அந்த மூலக்கூறின் ஒரு முனையில் ஒரு சல்பேட்டை ஒட்டி அனுப்புகிறது. நாட் பி, நாட் க்யூ மரபணுக்கள் சல்பேட்டை வினைக்குத் தயாராக்கித் தர, நாட் எச் அதை ஒட்டுகிறது. இந்த நாட் காரணியின் அமைப்பு 1990-ல் வெளியானது. நாட் எச் வேலை செய்யாவிட்டால், கதவு எண் மாறிய கடிதம் பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல, அந்த பாக்டீரியா குதிரைமசாலை விட்டுவிட்டு வெட்ச் என்ற வேறொரு பயறுவகைச் செடியில் முடிச்சு போடுகிறது! எல்லா ரைசோபியமும் இப்படி சல்பேட் ஒட்டுவதில்லை; ஒவ்வொன்றின் அடையாளமும் வேறு. பயிர்வாரியாகத் தனித்தனிப் பொட்டலம் தருகிறோமே, காரணம் இதுதான். சோயாவுக்கானதைப் பட்டாணிக்குப் போட்டுப் பயனில்லை.

சரி, வயலில் கந்தகக் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது? தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறை என்றால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். கந்தகக் குறையில் மஞ்சள் பெரும்பாலும் நுனிக் கொழுந்தில் தொடங்கும். பயறுவகையில் முடிச்சும் சோர்ந்துபோவதால் செடி முழுவதுமே வெளிறி, இரண்டையும் பிரித்தறிய முடியாமல் போவதுண்டு. அதனால் மண் பரிசோதனையில் கந்தகத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மணற்பாங்கான, மக்குச்சத்து குறைந்த நிலங்களில் சல்பேட் நீரோடு இறங்கிப் போய்விடும். அங்கே இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

சாதாரண யூரியாவிலும் டிஏபியிலும் கந்தகம் இல்லை. சூப்பர் பாஸ்பேட்டிலும் ஜிப்சத்திலும் இருக்கிறது. அம்மோனியம் சல்பேட்டிலும் உண்டு, ஆனால் அதிலுள்ள தழைச்சத்து முடிச்சு உண்டாவதைக் குறைக்கும் என்பதால் பயறுக்கு நாங்கள் அதைச் சொல்வதில்லை. தூள் கந்தகத்தை மண்ணுயிர்கள் சல்பேட்டாக மாற்றிய பிறகே வேர் எடுக்கும், ஆகவே விதைப்புக்கு முன்பே போட்டுவிடுங்கள். அளவை மண் பரிசோதனை முடிவைப் பார்த்துத் தீர்மானிப்போம். அப்புறம், வரும்போது அலசிய வேரையும் ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள், சேர்ந்தே கீறிப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் உயிர் உரத் தயாரிப்பாளர்கள்